எழுதாத பக்கத்தில் தெரியும் பிழை

கணித ஆசிரியர் ஒருவரின் பாடக்குறிப்பேட்டில் முதல் பாடவேளை, 40 நிமிடம், பின்னங்களின் கூட்டல் என்று எழுதியிருக்கிறது. வகுப்பிலோ பாடம் தொடங்குவதற்குள் ஐந்து நிமிடம் கடந்துவிடுகிறது. கடைசிக் கணக்கை முடிக்கும் முன் மணி அடித்துவிடுகிறது. குறிப்பேட்டை எத்தனை முறை புரட்டினாலும் அந்த ஐந்து நிமிடம் எங்கே போனது என்று தெரியாது. காரணம் தலைமையாசிரியர் அறையில் உள்ள சுற்றறிக்கைக் கோப்பில் இருக்கிறது: "எல்லா வகுப்புகளிலும் முதல் பாடவேளை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நாளிதழ் வாசிக்கப்பட வேண்டும்." ஒரே தாளில் எழுதிய ஒரு வரி எல்லா வகுப்புகளுக்குள்ளும் நுழைந்து வேலை செய்கிறது. எந்தக் குறிப்பேட்டிலும் அதன் தடயம் இல்லை.

மென்பொருளிலும் இப்படி எழுதும் முறை ஒன்று உண்டு. அதற்கு ஆஸ்பெக்ட் நோக்கு நிரலாக்கம் என்று பெயர். மேல்நிலை வகுப்புகளில் நாம் கற்பிக்கும் பொருள்நோக்கு நிரலாக்கத்துக்குத் துணையாக வந்த முறை இது. இப்படி எழுதிய நிரலில் பிழை வந்தால் அதைத் தேடுவது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. அதற்கென்று கருவிகளும் உருவாகியுள்ளன. கணினி ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால் குழந்தையின் கழித்தல் கணக்கைத் திருத்தும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் இதில் பங்கு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

சிதறிக் கிடந்த வேலை

மாணவர் விவரங்களைப் பேணும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாணவரைச் சேர்ப்பதற்கு ஒரு செயற்கூறு, மதிப்பெண்ணைப் பதிவதற்கு ஒன்று, மாற்றுச் சான்றிதழ் வழங்க ஒன்று என்று இருநூறு செயற்கூறுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் அதன் சொந்த வேலையோடு வேறு சில வேலைகளும் ஒட்டிக்கொண்டு வரும். இதைச் செய்ய இவருக்கு அனுமதி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். யார், எப்போது செய்தார் என்று கடைசியில் குறித்து வைக்க வேண்டும். இந்த வரிகள் இருநூறு இடங்களில் திரும்பத் திரும்ப வரும். குறிப்பு எழுதும் முறையை மாற்ற வேண்டுமானால் இருநூறு இடங்களிலும் கை வைக்க வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனாலும் கேடுதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் பார்க் ஆய்வகம் லேசர் பிரிண்டரையும் ஈதர்நெட் இணைப்பையும் உலகுக்குத் தந்த இடம். அங்கே கிரெகர் கிக்சாலிஸ் தலைமையில் இயங்கிய குழு 1997ஆம் ஆண்டு பின்லாந்தில் நடந்த மாநாடு ஒன்றில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழியை முன்வைத்தது. அக்குழு பின்னர் தன் உரைகளில் ஒரு படத்தை விரும்பிக் காட்டியது. டாம்கேட் என்ற இணையச் சேவை மென்பொருளின் ஒவ்வொரு பகுதியையும் அதன் நீளத்துக்கு ஏற்ற ஒரு செங்குத்துப் பட்டையாக வரைந்து, ஒரு குறிப்பிட்ட வேலைக்கான வரிகளுக்கு மட்டும் வண்ணம் தீட்டிய படம் அது. ஆவணத்தைப் படித்துப் பிரிக்கும் வேலை ஒரே பட்டைக்குள் அழகாக அடங்கியிருந்தது. நடந்ததைக் குறித்து வைக்கும் வேலையோ ஏறத்தாழ எல்லாப் பட்டைகளிலும் மணல் தூவியது போலச் சிதறிக் கிடந்தது. ஒருவர் சரியாகத் திட்டமிடாததால் வந்த சிதறல் அன்று அது. எப்படித் திட்டமிட்டாலும் அந்த வேலை சிதறத்தான் செய்யும் என்பதே அவர்கள் சொல்ல வந்தது.

அவர்கள் சொன்ன தீர்வு, சிதறும் வேலையைத் தனியே ஓரிடத்தில் எழுதுவது. அதற்குப் பெயர் ஆஸ்பெக்ட். சுற்றறிக்கையைப் போலவே இதற்கும் இரண்டு பகுதிகள் உண்டு. எந்தெந்த இடங்களில் என்று சொல்வது முதல் பகுதி. இதைத் தெரிவு விதி என்போம். அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. ஆங்கிலத்தில் இதற்கு அட்வைஸ் என்றே பெயர் வைத்தார்கள், நாமும் அறிவுரை என்போம். அறிவுரை ஒரு செயலுக்கு முன்னால் நடக்கலாம், பின்னால் நடக்கலாம், அந்தச் செயலையே சூழ்ந்துகொண்டு அது நடக்கலாமா வேண்டாமா என்றும் முடிவு செய்யலாம். இரண்டையும் இணைக்கும் கருவியின் வேலைக்கு நெசவு என்று பெயர். பாவில் ஊடை நூல் குறுக்கே ஓடுவதைப் போல, சொந்த வேலையின் ஊடே இந்தப் பொது வேலைகள் ஓடுகின்றன. ஜாவா மொழிக்காக அவர்கள் உருவாக்கிய ஆஸ்பெக்ட்ஜே 2001இல் முதல் முழுப் பதிப்பாக வந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் எக்லிப்ஸ் என்ற திறமூல அமைப்பின் கைக்குப் போனது.

2000ஆம் ஆண்டில் ராபர்ட் ஃபில்மன், டேனியல் ஃப்ரீட்மன் இருவரும் இம்முறைக்கு இரண்டு இலக்கணங்களைச் சொன்னார்கள். ஒரே கூற்று பல இடங்களில் செயல்பட வேண்டும். அந்த இடங்களோ தம்மேல் எது செயல்படுகிறது என்று அறியாமலே இருக்க வேண்டும். இரண்டாவது இலக்கணம்தான் எழுதுகிறவருக்குச் சுகம், பிழை தேடுகிறவருக்குத் தலைவலி.

பிழைநீக்கி நம்பியிருந்த வாக்குறுதி

வழக்கமான பிழைநீக்கி மென்பொருள் செய்யும் வேலை எளிது. நிரலில் ஒரு வரியில் நிறுத்துப் புள்ளி வைத்தால், ஓட்டம் அந்த வரிக்கு வந்ததும் நிற்கும். அங்கிருந்து வரி வரியாக நகரலாம். அந்த நொடியில் மாறிகளில் என்ன மதிப்பு இருக்கிறது, யார் யாரை அழைத்து இங்கே வந்தோம் என்ற அழைப்பு வரிசை எது என்று பார்க்கலாம். இவை அனைத்தும் ஒரே வாக்குறுதியின்மேல் நிற்கின்றன: பக்கத்தில் எழுதியிருப்பதுதான் ஓடும். நெசவு அந்த வாக்குறுதியை முறித்துவிடுகிறது. எப்படியெல்லாம் முறிகிறது என்று சில இடங்களைப் பார்ப்போம்.

ஒரு மாணவரின் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டித் தரும் செயற்கூறு ஒன்று இருக்கிறது. மதிப்பெண்ணைத் திருத்திய பிறகும் திரையில் பழைய மொத்தமே வருகிறது. நிரலர் அந்தச் செயற்கூற்றைத் திறந்து படிக்கிறார், சரியாகவே இருக்கிறது. அதன் முதல் வரியில் நிறுத்துப் புள்ளி வைத்து ஓட்டுகிறார். திரையில் பழைய மொத்தம் வருகிறது, ஆனால் ஓட்டம் நிற்கவே இல்லை. செயற்கூறு இயங்காமலே அதன் விடை வந்துவிட்டது! ஒருமுறை கணக்கிட்ட விடையைச் சேமித்து வைத்து, அடுத்த முறை கேட்டால் சேமித்ததையே எடுத்துக் கொடுக்கும் ஆஸ்பெக்ட் ஒன்று அந்தச் செயலைச் சூழ்ந்து நிற்கிறது. மதிப்பெண் மாறியதும் பழைய விடையை அழிக்க அதற்கு யாரும் சொல்லவில்லை. கூட்டல் செயற்கூற்றை நூறு முறை படித்தாலும் இந்தப் பிழை அகப்படாது, ஏனென்றால் அது அங்கே இல்லை.

இரண்டாவது வகை இன்னும் நுட்பமானது. "பதி என்று தொடங்கும் பெயருள்ள செயற்கூறு எதுவானாலும், அது முடிந்ததும் குறிப்பு எழுது" என்று தெரிவு விதி இருக்கிறது. மதிப்பெண்பதி என்ற பெயரை இந்த விதி பிடிக்காது, அங்கே பதி என்பது கடைசியில் வருகிறது. புதிதாக வந்த நிரலர் தன் செயற்கூற்றுக்கு உள்ளிடு என்று பெயர் வைத்தால் அதுவும் தப்பிவிடும். பதிவிறக்கு என்பது எதையும் பதியாது. கோப்பை எடுத்துத் தரும் வேலை. ஆனால் பெயர் பதி என்று தொடங்குவதால் விதிக்குள் சிக்கிக்கொள்ளும். பதிலனுப்பு என்பதற்கும் இதே கதி. எங்கும் பிழைச்செய்தி வராது. பிடிக்க வேண்டியது பிடிபடவில்லை, பிடிக்கக் கூடாதது பிடிபட்டது, அவ்வளவுதான். பெயரை மாற்றினாலே உடைந்துபோகும் இத்தகைய விதிகளை ஆய்வாளர்கள் நொறுங்கும் விதிகள் என்கிறார்கள். சந்தி பிரிக்காமல் பொருள் கொள்வதால் வரும் தொல்லையைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவார்கள். கணினிக்கு அந்த அறிவு இல்லை.

"எந்தப் பதிவேட்டில் எழுதினாலும் அதை இன்னொரு பதிவேட்டில் குறிக்க வேண்டும்" என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் என்ன ஆகும்? அந்த இன்னொரு பதிவேட்டில் எழுதியதையும் குறிக்க வேண்டும், அதையும் குறிக்க வேண்டும். ஆஸ்பெக்ட்ஜே கற்கத் தொடங்குகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்தக் குழியில் விழுந்து எழுகிறார்கள். குறிப்பு எழுதும் அறிவுரை தன்னையே பிடித்துக்கொண்டு சுழன்று, நினைவகம் நிரம்பி நிரல் நின்றுவிடும். விதியில் "என்னைத் தவிர" என்று ஒரு விலக்கு சேர்க்க வேண்டும். இந்தப் பிழை குறைந்தது சத்தம் போட்டு விழுகிறது என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு மதிப்பு உண்டு.

சத்தம் போடாததுதான் ஆபத்து. ஒரே இடத்தில் இரண்டு ஆஸ்பெக்ட்கள் செயல்படும்போது எது முதலில்? ஆஸ்பெக்ட்ஜேயில் முன்னுரிமையை நாமே அறிவிக்கலாம். அறிவிக்காவிட்டால் தொடர்பில்லாத இரண்டு ஆஸ்பெக்ட்களின் வரிசை இன்னதுதான் என்று மொழி உறுதி தருவதில்லை. அனுமதி பார்க்கும் ஆஸ்பெக்ட் முதலில் ஓடி, சேமித்த விடையைத் தரும் ஆஸ்பெக்ட் அடுத்து ஓடினால் சிக்கல் இல்லை. வரிசை மாறினால், தலைமையாசிரியர் பார்த்த விவரம் ஒன்று சேமிப்பில் இருக்கும். அனுமதியே இல்லாத ஒருவர் அதே விவரத்தைக் கேட்டால், அனுமதி பார்க்கும் இடத்துக்குப் போகாமலே அது அவர் கையில் கிடைத்துவிடும். இரண்டு ஆஸ்பெக்ட்களும் தனித்தனியே சரி. பிழை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. குழந்தைகளின் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருளில் இது சிறிய செய்தி அன்று.

வாயிற்காவலரின் குறிப்பேடு

இன்று ஆஸ்பெக்ட்ஜேயை நேரடியாக எழுதுவோர் குறைவு. ஆனால் ஜாவாவில் நிறுவன மென்பொருள்கள் எழுதப் பெரிதும் பயன்படும் ஸ்பிரிங் என்ற கட்டமைப்புக்குள் இதே கருத்து அன்றாடம் உழைக்கிறது. ஸ்பிரிங் வழக்கமாக நிரலை நெய்வதில்லை. பொருளுக்கு முன்னால் அதைப் போலவே தோன்றும் ஒரு பதிலியை நிறுத்திவிடுகிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு பதிலி வழியாக உள்ளே போகும். போகும்போது ஆஸ்பெக்ட்கள் வேலை செய்யும்.

பள்ளி வாயிலில் காவலர் ஒருவர் வருவோர் போவோர் பெயரைக் குறிக்கிறார். வாயிலைத் தாண்டியவர் பெயர் தவறாமல் இருக்கும். ஆனால் ஏழாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போனவர் பெயர் அதில் இருக்காது, அவர் வாயிலுக்கே வரவில்லை. ஸ்பிரிங்கிலும் ஒரு பொருளின் செயற்கூறு அதே பொருளின் இன்னொரு செயற்கூற்றை அழைத்தால் பதிலி நடுவில் வராது, ஆஸ்பெக்ட் இயங்காது.

இதனால் என்ன கெட்டுப்போகும்? வகுப்பில் உள்ள 40 பேரின் மதிப்பெண்களை ஒன்றாகப் பதிகிறோம். எல்லாம் பதிய வேண்டும், நடுவில் தடைபட்டால் எதுவும் பதியக் கூடாது என்பதற்காக அந்தச் செயற்கூற்றின்மேல் ஒரு குறி போட்டிருக்கிறார் நிரலர். குறியைப் பார்த்து வேலை செய்வது ஆஸ்பெக்ட். ஆனால் அந்தச் செயற்கூற்றை அதே பொருளுக்குள்ளிருந்து வேறொன்று அழைக்கிறது. 23ஆம் மாணவரின்போது தடை ஏற்படுகிறது. முதல் 22 பேரின் மதிப்பெண்கள் பாதியில் பதிந்து நிற்கின்றன. நிரலைத் திறந்தால் குறி கண்ணெதிரே இருக்கிறது. வேலை செய்யாத குறி. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி, நிறுத்துப் புள்ளியில் நின்று அழைப்பு வரிசையைப் படிப்பது. அழைத்தவருக்கும் அழைக்கப்பட்டவருக்கும் நடுவில் ப்ராக்சி என்ற சொல்லோ சிஜிலிப் என்ற சொல்லோ உள்ள வரிகள் இருந்தால் அழைப்பு வாயில் வழியாக வந்தது. அந்த வரிகள் இல்லையென்றால் காவலர் பார்க்கவில்லை. அழகற்ற அந்த நீண்ட பெயர்களைக் குப்பை என்று தள்ளிவிட்டுப் படிப்பவர்கள்தான் அதிகம். தடயம் இருப்பது அந்தக் குப்பையில்.

மூன்று கேள்விகள்

ஆஸ்பெக்ட்களுக்கான பிழைநீக்கக் கருவிகள் பலவாக இருந்தாலும் அவை விடை தேடும் கேள்விகள் மூன்றுதான். இந்த வரியின்மேல் எந்த ஆஸ்பெக்ட் செயல்படுகிறது? இந்த ஆஸ்பெக்ட் எங்கெல்லாம் செயல்படுகிறது? இங்கே ஏன் செயல்படவில்லை?

முதல் இரண்டுக்கும் விடை சொல்வது ஒப்பீட்டளவில் எளிது. எக்லிப்ஸுக்குள் இயங்கும் ஏஜேடிடி என்ற துணைக்கருவி, ஆஸ்பெக்ட் செயல்படும் வரிகளின் இடது ஓரத்தில் ஒரு சிறு அம்புக்குறியை இட்டுவிடும். விடைத்தாள் ஓரத்தில் நாம் இடும் குறியைப் போன்றது. அதைச் சொடுக்கினால் உரிய ஆஸ்பெக்ட் இருக்கும் பக்கத்துக்கே போகலாம். அங்கிருந்து திரும்பியும் வரலாம். அதில் உள்ள இன்னொரு காட்சி, டாம்கேட் படத்தைப் போன்ற பட்டைகளை நம் சொந்த நிரலுக்கே வரைந்து காட்டும். ஆஸ்பெக்ட்ஜேயின் நிரல்பெயர்ப்பியிடம் கேட்டால், எந்த இடத்தில் எந்த அறிவுரையை நெய்தேன் என்று ஒரு பட்டியலும் தரும். நீங்கள் எழுதிய அறிவுரை ஓரிடத்தில்கூடப் பொருந்தவில்லை என்றால் அதை எச்சரிக்கையாகச் சொல்லிவிடும். விதியில் ஓர் எழுத்துப்பிழை இருந்தால் பல மணி நேரத் தேடலை இந்த ஒற்றை வரி மிச்சப்படுத்தும். எச்சரிக்கைகளைப் படிக்காமல் தள்ளிவிடும் பழக்கம் மாணவர்களிடம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. இந்த எடுத்துக்காட்டை அவர்களிடம் சொல்லலாம்.

ஓடும்போது பார்ப்பது வேறு விதமான சிக்கல். வரி வரியாக நகரும்போது ஓட்டம் திடீரென்று வேறொரு கோப்புக்குத் தாவும். அழைப்பு வரிசையில் நாம் எழுதாத பெயர்கள் வரும். சிலருக்கு இவை தெரியவே கூடாது, சிலருக்கு எல்லாமே தெரிய வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்க் ஈடியும் ஆல்ஃபிரட் ஏஹோவும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் இதை ஆராய்ந்தனர். ஆக் என்ற மொழியின் பெயரில் உள்ள முதல் எழுத்து இந்த ஏஹோவுடையது. பிறகு 2020க்கான டூரிங் விருது பெற்றவர். அவர்கள் சி ஷார்ப் மொழிக்காக விக்கா என்ற கருவியை உருவாக்கினார்கள். நெய்வதற்கு முந்தைய நிரலையும் பார்க்கலாம், நெய்த பிறகு உள்ள நிரலையும் பார்க்கலாம் என்பது அதன் சிறப்பு. ஆஸ்பெக்டை மறைத்துவைத்தும் தேடலாம், வெளிப்படுத்தியும் தேடலாம். எந்த ஒரு பார்வையும் எல்லாப் பிழைக்கும் போதாது என்பதை ஏற்றுக்கொண்ட கருவி அது.

சிலி பல்கலைக்கழகத்தின் கியோம் போதியே, எரிக் தாந்தேர் இருவரும் டிஓடி என்ற கருவியில் வேறு வழியில் போனார்கள். நிரல் ஓடும்போது நடக்கும் அனைத்தையும் பதிந்துகொண்டு, ஓடி முடிந்த பிறகு முன்னும் பின்னும் நகர்ந்து பார்க்கலாம். இந்த மாறிக்கு இந்த மதிப்பைக் கொடுத்தது யார் என்று பின்னோக்கிக் கேட்கலாம். பிறகு அதை ஆஸ்பெக்ட்களுக்கும் விரித்தார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். நடந்ததற்குத் தடயம் இருக்கும். நடக்காததற்கு என்ன தடயம்? நிறுத்துப் புள்ளி வைக்கக்கூட இடம் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிரிஸ் டி வோல்டரும் அவருடைய மாணவரும் உருவாக்கி 2008இல் வெளியிட்ட கருவிக்கு விதி மருத்துவர் என்று பொருள்படும் பெயர். அதன் உத்தி எனக்குப் பிடித்தது. தெரிவு விதிக்குப் பொருந்திய இடங்களை மட்டும் காட்டாமல், மயிரிழையில் தவறிய இடங்களையும் சேர்த்துக் காட்டும். பெயர் பொருந்தியது, உள்ளீட்டின் வகை பொருந்தவில்லை என்று விதியின் எந்தப் பகுதி அந்த இடத்தைத் தள்ளியது என்றும் சொல்லும். "இது இதற்குள் வர வேண்டுமே, ஏன் வரவில்லை" என்று நிரலர் தயங்கும் இடம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

கழித்தல் கணக்கில் ஓர் ஆஸ்பெக்ட்

பார்க் ஆய்வகத்தில் இந்த முறை உருவான 1990களில் அதன் இயக்குநராக இருந்தவர் ஜான் சீலி பிரவுன். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பு, வேறொரு நிறுவனத்தில் அவரும் ரிச்சர்ட் பர்ட்டனும் குழந்தைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து 1978இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கவனக்குறைவு என்று நாம் ஒதுக்கும் தவறான விடைகளில் பலவும் உண்மையில் ஒரு தவறான விதியை மிகச் சரியாகப் பின்பற்றியதால் வந்தவை என்பது அவர்கள் கண்டது.

ஒரு குழந்தை 70 − 34 = 44 என்று எழுதுகிறது. என்ன விதி? "பெரியதிலிருந்து சிறியதைக் கழி, எது மேலே இருந்தாலும்" என்ற விதியாக இருக்கலாம். 4இலிருந்து 0 போனால் 4. அல்லது "மேலே பூஜ்யம் இருந்தால் கீழே உள்ளதை அப்படியே எழுது" என்பதாகவும் இருக்கலாம், அப்போதும் 44தான். இந்த ஒரு கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. அதே குழந்தைக்கு 52 − 28 கொடுத்துப் பார்க்க வேண்டும். 36 என்று வந்தால் முதல் விதி. 24 என்று சரியாக வந்தால், கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது, பூஜ்யத்தில்தான் சிக்கல். இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே தவறான விடை. கற்பிக்க வேண்டியது வெவ்வேறு. கடன் வாங்கத் தெரிந்த குழந்தைக்கு மறுபடியும் கடன் வாங்கலைக் கற்பித்தால் நேரம் போகும், பூஜ்யம் அப்படியே இருக்கும்.

பிரவுனும் பர்ட்டனும் இதை ஒரு விளையாட்டாகவும் செய்தார்கள். பெயர் பகி. கணினி ஒரு குழந்தையைப் போல, உள்ளே ஒரு தவறான விதியை வைத்துக்கொண்டு கழித்தல் செய்யும். ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் தாங்களே கணக்குகள் கொடுத்து அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது. கணினி தரும் புதிய கணக்குகளுக்கு அந்தக் "குழந்தை" என்ன விடை எழுதும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தவறான விடையைச் சரியாக முன்னறிவிப்பதுதான் தேர்வு. சில கணக்குகளிலேயே அவசரமாக முடிவுக்கு வருகிறவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள்.

குழந்தையின் தவறான விதியும் ஆஸ்பெக்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேடுகிறவர் நிற்கும் இடம் ஒன்றுதான். விடைத்தாளில் உள்ள எந்தக் கணக்கிலும் அந்த விதி எழுதப்பட்டிருக்காது. அது ஓரிடத்தில் இருந்துகொண்டு பல கணக்குகளுக்குள் நுழைகிறது.

பைத்தானிலும் கணினி இல்லாமலும்

மேல்நிலை இரண்டாமாண்டில் பைத்தான் கற்பிப்போர் இதை ஆய்வகத்தில் காட்டலாம். பைத்தானில் ஒரு செயற்கூற்றுக்கு மேலே அட் குறியோடு இன்னொரு செயற்கூற்றின் பெயரை எழுதினால், மேலே உள்ளது கீழே உள்ளதைச் சூழ்ந்துகொள்ளும். இதை டெக்கரேட்டர் என்பார்கள். முழுமையான ஆஸ்பெக்ட் அன்று, ஏனென்றால் ஒவ்வொரு செயற்கூற்றின் தலையிலும் அதை நாமே எழுத வேண்டும். பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். என்றாலும் சூழ்தல் என்றால் என்ன என்று புரிய அது போதும். சூழ்ந்த பிறகு அந்தச் செயற்கூற்றிடம் உன் பெயர் என்ன என்று கேட்கச் சொல்லுங்கள்: உறையின் பெயரைச் சொல்லும். ஃபங்ஷன்டூல்ஸ் என்ற தொகுதியில் உள்ள ராப்ஸ் என்பதைச் சேர்த்தால் சொந்தப் பெயர் திரும்பும். ஆனால் உள்ளே வேண்டுமென்றே ஒரு வகுத்தல் பிழையை வைத்து ஓட்டினால், பிழைச்செய்தியின் அழைப்பு வரிசையில் உறையின் பெயர் இன்னமும் ஒரு வரியாக நிற்கும். மாணவர்கள் அந்த வரியை விரல் வைத்துக் காட்டட்டும்.

கணினி இல்லாத வகுப்பில், ஆறாம் வகுப்பிலேயேகூட, வேறு விதமாகச் செய்யலாம். நான்கு மாணவர்களுக்குத் தலா ஒரு வேலைச்சீட்டு: பந்தை எடுத்து மேசையில் வை, பலகையைத் துடை, பேனாவை நண்பரிடம் கொடு, புத்தகத்தைத் திற. இந்தச் சீட்டுகளைக் கரும்பலகையிலும் எழுதிவிட வேண்டும். ஐந்தாவது மாணவர் நெசவாளர். அவரிடம் மட்டும் ஒரு ரகசியச் சீட்டு: "ப என்ற எழுத்தில் தொடங்கும் பொருளை யாராவது தொடும் முன் ஒருமுறை கைதட்டு." வேலைகள் நடக்கும்போது பந்துக்கும் பலகைக்கும் கைதட்டல் வரும். கரும்பலகையில் எங்கும் கைதட்டல் என்று எழுதியிருக்காது. மற்றவர்கள் விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த வேலையை வேண்டுமானாலும் மறுபடி செய்யச் சொல்லலாம், புதிய பொருளைத் தொடவும் சொல்லலாம். விதி தெரிந்துவிட்டது என்று கை தூக்குகிறவர் பகி விளையாட்டைப் போல மூன்று புதிய பொருள்களுக்குக் கைதட்டல் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பந்து, பலகை, பை, படம் என்று கைதட்டல் வரக்கூடிய பொருள்களையே மாணவர்கள் முதலில் அடுக்குவார்கள். பை வந்ததும் ஒரு குழப்பம் எழும், அதற்குக் கைதட்டல் இல்லை. பகர வரிசை முழுதும் என்று எண்ணியவர்கள் அங்கே நிற்பார்கள். அந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடாமல், முதல் சுற்றிலேயே கைதட்டல் வராமல் போன வேலைகள் எவை என்று மட்டும் கேளுங்கள். பேனாவும் புத்தகமும் அப்போதிலிருந்தே கரும்பலகையில் இருக்கின்றன.